தாழ்வான பகுதி மக்களுக்கு!

கார்த்திகை பிறக்கிறது. வானம் கறுக்கிறது. வங்கக் கடலிலே ஒரு சுழல் எழுகிறது. இவை மூன்றும் ஆண்டுதோறும் வருவதுபோலவே, இவற்றின் பின்னே ஓர் அறிவிப்பும் வருகிறது. பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து உபரிநீர் திறந்துவிடப்படுகிறது. கொசஸ்தலை ஆற்றின் இரு கரைகளிலும் தாழ்வான பகுதிகளில் வாழும் மக்கள் பாதுகாப்பாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!

அறிவிப்பிலே ஊர்ப்பெயர்கள் அணிவகுத்து நிற்கும். நம்பாக்கம், ஒதப்பை எனத் தொடங்கும். தாமரைப்பாக்கம், சீமாவரம், வெள்ளிவாயல்சாவடி என நடக்கும். மணலிப் புதுநகர், சடையான்குப்பம், எண்ணூர் என முடியும். புழல் ஏரி திறக்கப்பட்டால் வேறொரு பட்டியல் வரும். வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி என்று வந்து, அதுவும் சடையான்குப்பத்திலேதான் முடியும். தொடக்கம் வேறு வேறு, முடிவு ஒன்றே!

அந்த முடிவிலே கிடக்கும் ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பணியிலே இருக்கிறோம் நாம். மழை விடுமுறை முடிந்த ஒரு நாள், வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசித்தோம். பாதிப் பெயர்களுக்கு விடை வரவில்லை. நாலைந்து நாட்கள் கழித்து வந்த பையன் ஒருவன், நனைந்து ஒட்டிக்கொண்ட பாடப்புத்தகத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபடியே கேட்டான்: "சார், பூண்டி எங்க சார் இருக்குது?"

நிலப்படத்தைக் காட்டினோம். எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து மேற்கே, ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் நீலப் புள்ளியைத் தொட்டுக் காட்டினோம். பையன் விரலால் தொலைவை அளந்து பார்த்தான். "அவ்ளோ தூரத்துல தொறந்தா எங்க வூட்டுக்கு எப்ப சார் வரும்? எவ்ளோ உயரம் வரும்?"

பட்டம் பெற்றிருக்கிறோம், பாடநூல்கள் பல படித்திருக்கிறோம், ஆயினும் அந்தச் சிறுவனின் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. விடையே இல்லாத கேள்வியும் அல்ல அது! பொறியாளர் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய கேள்வி. சட்டம் பதில் கேட்கும் கேள்வி. அந்த விடை அலுவலகத்தின் அலமாரியைத் தாண்டிச் சடையான்குப்பத்துத் தெருவுக்கு ஏன் வரவில்லை? இதுவே நாம் இங்கே எழுப்ப விரும்பும் வழக்கு.

ஓர் அணையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. அணை உறுதியாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அது உடைந்தாலோ, மதகுகள் அனைத்தும் திறந்து பெருநீர் புறப்பட்டாலோ, கீழே யார் யாருக்கு என்னென்ன நேரும் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு விடை அணையின் உடல்நிலை. இரண்டாவது கேள்விக்கு விடைதான் அணையின் இடர் வகுப்பு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டு, "அணை பலமாக இருக்கிறது, அஞ்சாதீர்" என்று சொல்லி முடித்துவிடுவது நம் நாட்டு வழக்கமாகிவிட்டது.

ஆளரவமற்ற வெளியிலே விரிசல் விட்ட ஓர் அணை நிற்கலாம். அது பழுதுற்ற அணை. ஆயினும் அதன் இடர் வகுப்பு தாழ்ந்தது. கீறல் ஒன்றும் இல்லாத அணையின் கீழே ஒரு நகரம் உறங்கலாம். அது நல்ல அணை. ஆயினும் அதன் இடர் வகுப்பு உயர்ந்தது! அமெரிக்க நாட்டிலே அணைகளை இவ்வாறே மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். அணை உடைந்தால் ஓர் உயிரேனும் போகக்கூடும் என்றால், அந்த அணை உயர் இடர் வகுப்பைச் சேர்ந்தது. எத்தனை அடி உயரம் என்பதும், எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதும் அங்கே இரண்டாம் பேச்சு. கீழே மனிதன் இருக்கிறானா என்பதே முதற்பேச்சு.

நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாநிலத்தின் அணைப் பாதுகாப்பு அமைப்பும் தன் பொறுப்பில் உள்ள அணைகளை அவற்றின் நலிவு நோக்கியும் இடர் நோக்கியும் வகைப்படுத்த வேண்டும் என்கிறது அச்சட்டம். பிறப்பை வைத்து மனிதனைத் தரம் பிரிப்பதிலே நூற்றாண்டுகளாகச் சலிக்காத நாடு இது! மேல் என்றும் கீழ் என்றும், தொடலாம் என்றும் தொடலாகாது என்றும் நுணுக்கி நுணுக்கிப் பட்டியல் போட்ட நாடு! அந்த நாட்டுக்கு, அணைகளை ஆபத்தை வைத்துத் தரம் பிரித்து ஊரறியச் சொல்வதற்கு மட்டும் கை வரவில்லை என்றால், அதை நாம் எப்படி நம்புவது?

பூண்டியின் கதையைச் சற்றுப் பார்ப்போம். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1944இல் திறக்கப்பெற்றது அது. கட்சி வேறு, கருத்து வேறு என்றாலும், நகரின் தாகம் தீர்க்க முனைந்த அந்தச் செயலைப் பாராட்ட நாம் தயங்கமாட்டோம். இன்று அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி, மதகுகள் 16. புழல் ஏரி அதனினும் முதியது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டிலேயே சென்னைக்குக் குடிநீர் கொடுக்கத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி. குடிக்கத் தண்ணீர் தேக்கவே இவை எழுந்தன. ஆனால் மழை கொட்டும் நாளில் வெள்ளத்தைத் தாங்கும் பொறுப்பும் இவற்றின் தலையிலேதான் விழுகிறது. குடிநீருக்கோ ஏரி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளம் தாங்கவோ ஏரியிலே இடம் காலியாக இருக்க வேண்டும். நிறைந்த குடத்திலே மேலும் நீர் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? வழியும் நீர் எங்கே போகும்? பட்டியலின் கடைசிப் பெயரை நோக்கிப் போகும்.

"அணை முதிர்ந்துவிட்டது" என்று சொன்னால் உடனே செங்கல்லையும் சுண்ணாம்பையும் நினைக்கிறோம். இரும்பு துருப்பிடிக்கும், மண்கரை கசியும், மதகின் சங்கிலி தேயும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் முதுமை ஒன்றே ஆபத்து என்றால், கல்லணை என்றோ கரைந்துபோயிருக்க வேண்டும்! குசராத்தின் மச்சு இரண்டாம் அணை கட்டி முடிக்கப்பட்டது 1972இல்; உடைந்தது 1979 ஆகஸ்டு 11இல். ஏழு வயதுக் குழந்தை அது! அதன் மதகுகள் எவ்வளவு வெள்ளத்துக்கெனத் திட்டமிடப்பட்டனவோ, அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெள்ளம் வந்தது. மண்கரை இருபுறமும் கரைந்தது. கீழேயிருந்த மோர்பி நகருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தண்ணீர் போய்ச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எத்தனை ஆயிரம் என்பதிலே இன்றுவரை கணக்கு ஒன்றுபடவில்லை.

மச்சுவிலே பிழைத்துப்போனது கல் அன்று, கணக்கு! ஆகவேதான் சொல்கிறோம்: அணையிலே முதலில் மூப்பது அதன் கணக்கு. கட்டியவன் இரண்டு கணக்குகளைப் போட்டுக் கட்டுகிறான். மேலே எவ்வளவு மழை பெய்யும் என்பது ஒன்று; கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது மற்றொன்று. பூண்டியைப் பொறுத்தமட்டில் இவ்விரண்டு கணக்குகளுமே 1944ஆம் ஆண்டோடு நின்றுவிடக் கூடாதவை.

முதற்கணக்கை எடுத்துக்கொள்வோம். எந்த அளவு வெள்ளத்துக்கு அணை ஈடுகொடுக்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் 1985இல் ஒரு விதி வகுத்தது. ஆறு கோடி கனமீட்டருக்கு மேல் நீர் தேக்கும் அணை பெரிய அணை. அது நிகழக்கூடிய உச்சப் பெருவெள்ளத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பது அவ்விதி. பூண்டியும் புழலும் ஒவ்வொன்றும் ஒன்பது கோடி கனமீட்டருக்கு மேல் தேக்குகின்றன. அணை பிறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டது அந்த விதி. தந்தைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, மகன் போட்ட விதிக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டாமா? பார்த்திருந்தால், பார்த்ததை மக்களுக்குச் சொல்ல வேண்டாமா?

மேலே இருக்கும் நிலைமையையும் எண்ணிப் பாருங்கள். ஆந்திரத்தின் நகரிப் பக்கம் உள்ள அம்மப்பள்ளி அணை திறக்கப்பட்டால் பள்ளிப்பட்டு நனைகிறது; பின் அந்த நீர் பூண்டிக்கு வருகிறது; பூண்டி திறந்தால் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூருக்கு வருகிறது. ஒரு சங்கிலி இது. ஒரு கண்ணி தெறித்தால் அடுத்த கண்ணி அதிரும். மழைக்கு மாநில எல்லை தெரியாது. கோப்புக்கு மட்டுமே தெரியும்!

இனி இரண்டாவது கணக்கு. பூண்டி பிறந்த காலத்தில் கொசஸ்தலையின் கடைமடை என்ன? உப்பளம், கழிவெளி, வயல், மீனவர் குப்பம். இன்று என்ன? 1960களின் இறுதியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அதையடுத்து உரத் தொழிற்சாலையும் வேதித் தொழிற்சாலைகளும் வந்தன. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம். பின்னர் வல்லூர் அனல்மின் நிலையம். நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்திலே படிந்தது. நீர் விரிந்து படுத்த இடத்தில் நிலம் மேடாயிற்று. ஆறு கடலைச் சேரும் வாய் குறுகிற்று. அணையின் ஒரு கல்லும் அசையவில்லை. அதன் அடியிலே ஒரு தொழில் நகரமே முளைத்துவிட்டது! அணை அதுவே, ஆனால் அதன் இடர் அதுவன்று. 1944இல் வெள்ளம் வந்தால் நெல் போயிருக்கும், வலை போயிருக்கும். இன்று வெள்ளம் வந்தால் எது எதையெல்லாம் சுமந்து வரும்?

அதற்கும் விடை கண்டோம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயல் அடித்தபோது, மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்திலே படிந்தது. படகு கறுத்தது, வலை கறுத்தது, வீட்டுச் சுவர் கறுத்தது. மீனவர் கைகளால் எண்ணெயை அள்ளிய காட்சியை நாடு பார்த்தது. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தக் கறை நமக்குச் சொன்ன பாடம் ஒன்றுண்டு: ஆலைகள் நிறைந்த நிலத்தின் வழியே நடந்துவரும் வெள்ளம் வெறும் தண்ணீர் அன்று. ஆகவே, கொசஸ்தலையின் கடைமடையிலே இடரைக் கணக்கிடுவோர் தலைகளை மட்டும் எண்ணினால் போதாது. தொட்டிகளையும் எண்ண வேண்டும். அணைப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தானே சொல்கிறது? அணை உடைந்தால் பாதிக்கப்படக்கூடிய பகுதி, மக்கள், கட்டடங்கள், நிறுவல்கள் இவை அனைத்தையும் அவசரகாலச் செயல்திட்டத்திலே காட்ட வேண்டும். வெள்ளம் பரவும் வரைபடமும் எச்சரிக்கும் முறையும் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். முன்பே கட்டி முடித்த அணைகளுக்கு அத்திட்டத்தைத் தீட்ட ஐந்து ஆண்டுகள் தவணை. அத்தவணை முடியும் நாள் 2026 டிசம்பர் 30.

தவணை என்றவுடன் நமக்கு ஐயம் எழுகிறது, காரணமும் இருக்கிறது. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் 2017இல் வெளியிட்ட அறிக்கையிலே ஒரு கணக்கு உண்டு. 2016 மார்ச்சு நிலவரப்படி நாட்டிலிருந்த 4,862 பெரிய அணைகளில் 349க்கு மட்டுமே அவசரகாலச் செயல்திட்டம் இருந்ததாம். நூற்றுக்கு ஏழு! மற்ற தொண்ணூற்று மூன்றின் கீழே வாழ்ந்தவர்களுக்கு என்ன இருந்தது? தலைவிதி இருந்தது. வருணன் இருந்தான். "இயற்கையின் சீற்றம்" என்ற சொற்றொடர் இருந்தது!

இந்தச் சொற்றொடரை நாம் ஏற்க மறுக்கிறோம். மழை இயற்கை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மதகைத் திறப்பது மனிதன் கை. எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, யாருக்குச் சொல்லித் திறப்பது என்பதெல்லாம் மனிதன் முடிவு. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியதே, அதைத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் எப்படிக் குறிப்பிட்டது? மனிதன் உண்டாக்கிய பேரிடர் என்றே குறிப்பிட்டது. ஆண்டவன்மேல் போட்ட பழியை அரசின் தணிக்கையே எடுத்து மனிதன்மேல் வைத்துவிட்டது. அடையாற்றங்கரையிலே மாளிகைகள் இருந்தன. ஆகவே நாடு முழுதும் அதைப் பேசிற்று. கொசஸ்தலைக் கரையிலே 2021 நவம்பரில் மணலிப் புதுநகரிலும் சடையான்குப்பத்திலும் வெள்ளம் புகுந்ததே, அதை எத்தனை நாள் பேசினார்கள்?

மதகுகள் என்றும் சொன்னபடி கேட்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்தது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பிலே கொள்ளிடத்தின் பழைய மேலணையில் ஒன்பது மதகுகள் சரிந்தன. 2021 நவம்பர் 19 அன்று, அண்டையிலே கடப்பை மாவட்டத்தின் அன்னமய்யா அணையின் மண்கரை அடித்துச் செல்லப்பட்டது; அதன் ஐந்து மதகுகளில் ஒன்று இயங்கும் நிலையில் இல்லை. 2024 ஆகஸ்டில் துங்கபத்திரை அணையின் 19ஆம் மதகு, சங்கிலி அறுந்து, வெள்ளத்தோடு போயிற்று. கடலுக்கு அப்பால் ஈழத்திலே, 1986 ஏப்ரல் 20 விடியுமுன், பழம்பெருங் கந்தளாய்க் குளத்தின் கரை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவற்றைச் சொல்வது பூண்டி நாளை உடையும் என்று அச்சுறுத்துவதற்கு அன்று. உடையும் என்று நாம் சொல்லவில்லை. உடையாது என்று சொல்பவர், உடைந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதி வைத்திருக்க வேண்டும் என்கிறோம்.

நம் வழக்குக்கு எதிராக வரும் வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

"வரைபடத்தை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள்" என்பது ஒரு வாதம். சடையான்குப்பத்து மக்களுக்கு வெள்ளம் புதிதா? மார்பளவு நீரில் முதியவரைத் தோளிலே தூக்கி வந்தவன், ஒரு தாளைப் பார்த்து நடுங்கிவிடுவானா? பீதி பிறப்பது அறிவினால் அன்று, அறியாமையினால். "அணை உடைந்துவிட்டதாம்" என்று நள்ளிரவிலே வதந்தி கிளம்பும்போது, எந்தத் தெருவுக்கு எவ்வளவு நீர், எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை அறிந்தவன் ஓடமாட்டான், நடப்பான். அறியாதவன்தான் ஓடுவான், ஓடுகிறவன்தான் விழுவான்.

"அவர்கள் ஏன் அங்கே போய்க் குடியிருக்கிறார்கள்?" என்பது இரண்டாவது வாதம். வசதியான நாற்காலியிலிருந்து எழும் வாதம் இது! மீனவன் ஆற்றின் வாயிலே இல்லாமல் மலையுச்சியிலா இருப்பான்? குப்பங்கள் அணைக்கு முந்தியவை. மணலிப் புதுநகரோ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமே திட்டமிட்டு உருவாக்கிய நகர். மனை வாங்கியவன் அரசை நம்பி வாங்கினான். ஆலைகளுக்கு இடம் கொடுத்தது யார்? கழிமுகத்திலே சாம்பலைக் கொட்ட விட்டது யார்? அனுமதி முத்திரை குத்தியபோது கண்ணுக்குத் தெரியாத வெள்ளம், ஏழை கூரை போட்டபோது மட்டும் தெரிந்துவிட்டதோ?

"அணைப் பாதுகாப்புச் சட்டம் மாநில உரிமையைப் பறிப்பது, அதை எதிர்க்கும் நாம் அதன் பெயரால் கேட்கலாமா?" என்பது மூன்றாவது வாதம். இது நம் வீட்டுக்குள்ளிருந்தே வரும் வாதம். ஆகவே பொறுமையோடு விடை சொல்ல வேண்டும். சட்டம் மசோதாவாக இருந்தபோதே, 2018இல், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. முல்லைப் பெரியாறும் பரம்பிக்குளமும் நம் உடைமையாயினும் கேரள மண்ணில் நிற்பவை. அவற்றின்மீது தில்லியின் ஆணையம் கை வைக்க வழி வகுக்கும் சட்டம் இது. அந்த அச்சம் நியாயமானதே. தண்ணீரின் உரிமை மாநிலத்துடையதே. அதிலே ஓர் எழுத்தையும் நாம் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் உரிமை என்பது பூட்டி வைக்கும் பெட்டியன்று. எடுத்துச் செய்ய வேண்டிய கடமை. பூண்டி நம் மண்ணில் நிற்கிறது. புழல் நம் மண்ணில் நிற்கிறது. அவற்றின் இடர் வகுப்பை அறிவிக்கத் தில்லியின் உத்தரவு எதற்கு? தில்லி கேட்குமுன் சென்னை செய்து காட்டட்டும்! "எங்கள் அணையை நாங்களே காப்போம்" என்ற முழக்கத்துக்கு, எங்கள் மக்களுக்கு நாங்களே உண்மையைச் சொல்வோம் என்பதைவிட வலிய சான்று வேறென்ன இருக்க முடியும்?

சட்டத்திலும் ஒரு குறை உண்டு. அதையும் சொல்லியே தீர வேண்டும். பதினைந்து மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், பத்து முதல் பதினைந்து மீட்டர் வரை உள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையுமே அது அணையாகக் கொள்கிறது. பத்து மீட்டருக்குக் குறைந்த கரை, சட்டத்தின் கண்ணிலே அணையே அன்று! ஏரிகளின் நாடு தமிழ்நாடு. கரை தாழ்ந்தும் நீர் விரிந்தும் கிடப்பதே நம் ஏரிகளின் இயல்பு. உயரத்தை அளக்கும் கோல், கீழே உறங்குவோரை அளப்பதில்லை. இந்தக் குறையைத் தில்லிச் சட்டம் நீக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாநில உரிமையை மெய்யாகவே பயன்படுத்த இதைவிட நல்ல இடம் இல்லை.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. கோடிக்கணக்கில் செலவழித்துப் புதிய அணை கட்டச் சொல்லவில்லை. பூண்டிக்கும் புழலுக்கும் இன்றைய மழைக்கணக்கையும் இன்றைய மக்கள்கணக்கையும் வைத்து இடர் வகுப்பை வரையறுத்து, அதை ஊரறிய அறிவிக்க வேண்டும். ஆலை ஒன்று புதிதாக வந்தாலும், குடியிருப்பு ஒன்று புதிதாக எழுந்தாலும், அந்த வகுப்பை மீண்டும் பார்க்க வேண்டும். மதகுகளின் சோதனை முடிவை ஆண்டுதோறும் மழைக்கு முன்னே வெளியிட வேண்டும். வெள்ளம் பரவும் வரைபடத்தைத் தமிழிலே அச்சிட்டு, பள்ளிச் சுவரிலும், நியாயவிலைக் கடையிலும், மீன் ஏலக்கூடத்திலும், ஆலை வாயிலிலும் ஒட்ட வேண்டும். இத்தனை ஆயிரம் கனஅடி திறந்தால் இந்தத் தெருவுக்கு இத்தனை அடி நீர், இத்தனை மணி நேரத்தில் வரும், நீங்கள் போக வேண்டிய மேட்டிடம் இது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசிக்கு முன்னே, சங்கு ஊதி ஒத்திகை பார்க்க வேண்டும். ஆலைச் சங்கின் ஓசை கேட்டு எழுந்து வேலைக்கு ஓடப் பழகிய மக்கள் இவர்கள். உயிர் காக்க ஒரு சங்கு ஊதினால் புரிந்துகொள்ள மாட்டார்களா?

காலம் நம் பக்கம் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பூண்டியிலே மதகு திறந்தால் நீர் நொடிப்பொழுதில் எண்ணூருக்குப் பறந்து வந்துவிடாது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மணிக்கணக்காக நடந்து வருகிறது. அந்த மணிகள் ஒவ்வொன்றும் உயிர். ஆனால் புழல் அருகே இருக்கிறது. அங்கே கிடைக்கும் நேரம் குறைவு. கடல் ஏற்றத்திலே இருந்தால் கழிமுகம் நீரை வாங்காது. வெள்ளம் எதிர்த்து நிற்கும். மூன்றுக்கும் மூன்று விதமான எச்சரிக்கை வேண்டும். நம் அறிவிப்போ மூன்றுக்கும் ஒரே வாக்கியத்தை வாசிக்கிறது: தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பாக இருக்கவும்!

"தாழ்வான பகுதி" என்கிறார்கள். கடல்மட்டத்தை அளந்து சொல்லும் சொல்லாக மட்டும் அது இருக்குமானால் நமக்கு வருத்தமில்லை. அந்தப் பகுதியில் வாழ்வோர் துறைமுகத்திலே மூட்டை சுமந்தார்கள். ஆலையிலே புகை குடித்தார்கள். அனல்நிலையத்தின் சாம்பலைச் சுவாசித்தார்கள். அவர்கள் பகுதியின் வழியே வந்த மின்சாரத்தால் நகரம் ஒளிர்ந்தது. அவர்கள் பகுதிக்கு மேலே தேங்கிய நீரால் நகரம் தாகம் தீர்ந்தது. நிலம் தாழ்ந்திருக்கலாம், அதில் வாழ்பவனுக்குச் சொல்லப்படும் உண்மையும் தாழ்ந்திருக்க வேண்டுமா?

நனைந்த புத்தகத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அந்தப் பையன் இப்போது மேல்வகுப்புக்குப் போய்விட்டான். அவன் கேட்ட இரு கேள்விகளும் நம் கரும்பலகையிலே இன்னும் விடையின்றி நிற்கின்றன. எப்போது வரும்? எவ்வளவு வரும்? அடுத்த கார்த்திகைக்குள் அரசு அந்த விடையை எழுதித் தரட்டும். நாம் அதை முதற்பாடமாக நடத்துகிறோம்.